எத்தியோப்பிய மந்திரியும் நம் சபையின் பந்தியும்

“இந்த ஓரினச்சேர்க்கைப் பேச்செல்லாம் மேல்நாட்டுச் சபைகளின் தலைவலி. நமக்கு எதற்கு?” நம் வயதுக்காரர்கள் பலர் இப்படிச் சொல்லித்தான் இந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கும்போதும் இதே பதில், ஆண்கள் ஐக்கிய சங்கத்திலும் இதே பதில். இங்கிலாந்துச் சபையில் குழப்பம், அமெரிக்காவில் பிளவு, போப்பாண்டவர் ஏதோ சொல்லிவிட்டார் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

எனக்கு இதில் சம்மதமில்லை. இது நம் ஊர் விஷயம்தான். கல்யாண ஓலை வாசிக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். பெண்கள் மேல் நாட்டமே வராத ஒரு பையன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் வீட்டுக்கு மெல்ல விஷயம் தெரியவருகிறது. தகப்பன் கை நீட்டுகிறார், தாய் உபவாசம் இருக்கிறாள். கன்வென்ஷனுக்கு வந்த ஊழியக்காரரிடம் ரகசியமாகக் கூட்டிப்போய்த் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார்கள். கடைசியில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், சில இடங்களில் போதகரே, “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார். பெண் பார்க்கிறார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது. தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் வாசிக்கும்போது, தெரிந்தவர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. தெரியாதவள் ஒருத்திதான். அவள் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மாவுக்கு 1980களின் கடைசியில் இப்படித்தான் கல்யாணம் நடந்தது. கணவர் கெட்டவர் இல்லை என்று அந்த அம்மாவே சொல்வார்கள். சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார், ராத்திரி திண்ணையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். பிள்ளை இல்லாத குற்றம் மனைவி தலையில் விழுந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவர்களை நடுவில் முழங்கால்போட வைத்து, கர்ப்பத்தின் கனிக்காகச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அன்னாளின் கதையை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணிக்கையே இல்லை என்பார்கள் அந்த அம்மா. உண்மை தெரிந்தது நாலாம் வருஷம். பதினோராம் வருஷம் தாய் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்தக் காலத்துச் சட்டமும் அவர்களுக்குத் துணையாக இல்லை. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரம் ஒன்றை நிரூபித்தாலே விடுதலை பெறலாம். மனைவியோ விபசாரத்தோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருந்ததாக நிரூபிக்க வேண்டும். இது மாறியது 2001இல். அன்பாகக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் மனிதர் மேல் எந்தக் கொடுமையை நிரூபிப்பது? இன்னொருவரோடு அவர் தொடர்பு வைத்திருந்ததாகச் சொல்லி அவரைக் கோர்ட்டில் நிறுத்தவும் அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. அப்படியே இருந்துவிட்டார்கள். அவரும் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்த் தனியாகவே இருந்து இறந்துபோனார். இரண்டு பேருடைய வாழ்க்கை. கெட்டிக்காரத்தனமாக யோசனை சொன்ன பெரியவர், பாவம், நல்லபடியாக நித்திரையடைந்தார். மாநாட்டுப் பந்தல் மாதிரி கூட்டம்.

மேல்நாட்டுப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சபையில் பாடகர் குழுவை இருபது வருஷத்துக்கு மேல் நடத்திய ஒருவர். ஆர்கன் வாசிப்பார். கிறிஸ்துமஸ் கீதபவனியில் விடிய விடிய ஊர் சுற்றிவிட்டு, காலை ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். அந்த ஊரில் இன்று நாற்பது வயதில் இருப்பவர்களில் நாலு சுரமும் சேர்த்துப் பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவர் பிள்ளைகள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “ஊழியத்துக்கென்று தன்னை ஒப்புக்கொடுத்தவர்” என்று மேடையிலேயே புகழ்ந்திருக்கிறார்கள். பிறகு யாரோ அவருடைய போனில் எதையோ பார்த்துவிட்டார்கள். அவரோடு தொடர்பில் இருந்தவர் வேறு ஊர்க்காரர், அவரும் நடு வயதுக்காரர். ஒரு பிள்ளையும் ஒரு பெற்றோரும் அவர் மேல் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு ஆர்கனில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். “கொஞ்ச நாளைக்குத் திருவிருந்துக்கு வராமல் இருந்தால் சபைக்கு நல்லது” என்று அவரிடம் சொல்லப்பட்டது. கமிட்டி கூடவில்லை, மினிட்ஸ் இல்லை, அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது வேறு நகரத்தில் ஒரு பெரிய ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார் என்று கேள்வி.

“வேதத்தில் தெளிவாக இருக்கிறதே, நாம் என்ன செய்ய முடியும்?” என்பீர்கள். வேதத்துக்கே வருவோம்.

வழக்கமாகக் காட்டப்படும் இடங்கள் அரை டஜன்தான். ஆதியாகமம் 19இல் சோதோம், லேவியராகமம் 18லும் 20லும் ஒவ்வொரு வசனம், ரோமர் 1, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10. இவற்றைத் துடைத்துப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. ரோமர் முதல் அதிகாரம் கடினமானது. நேர்மையாகப் படித்து, “ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் திருமணம்” என்று முடிவுக்கு வந்த நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும், அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தத் தெளிவு நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16:49 சொல்கிறது. கர்வம், வயிறு நிறைந்த சாப்பாடு, சுகமான ஓய்வு, ஏழைக்குக் கை கொடுக்காதது. அந்த வசனத்தை வைத்துக் கன்வென்ஷனில் யாராவது பிரசங்கித்து நான் கேட்டதில்லை. கேட்பவர்களுக்கும் சாப்பாட்டு நேரம்.

1 கொரிந்தியர் 6:9இல் பவுல் இரண்டு கிரேக்க வார்த்தைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார். முதல் வார்த்தை மலாக்கோய். மென்மையானவர்கள் என்று அர்த்தம். மத்தேயு 11:8இல் மெல்லிய வஸ்திரத்துக்கும் இதே வார்த்தைதான். பழைய ஆங்கில வேதாகமத்தில் பெண் தன்மையுள்ளவர்கள் என்று போட்டார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்: சுயபுணர்ச்சிக்காரர். அதாவது, வேறொரு ஆளே சம்பந்தப்படாத காரியம்! அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு வாலிபர் சங்கத்தில் யாரையாவது திருவிருந்துக்கு வராதே என்று நிறுத்தியிருக்கிறோமா? நிறுத்தினால் பந்தியில் யார் மிஞ்சுவார்கள்? இரண்டாவது வார்த்தையைப் பவுலுக்கு முந்தின எழுத்துகளில் காண முடியவில்லை. லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து அவரே இணைத்திருக்கலாம் என்கிறார்கள். அது பழைய கருத்துக்காரர்களுக்குச் சாதகமான செய்திதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வார்த்தைகளையும் ஒன்றாக்கி ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற பொருளில் ஆங்கில வேதாகமம் ஒன்றில் போட்டது 1946இல்தான், ஆர்.எஸ்.வி. மொழிபெயர்ப்பில். 1971இல் அவர்களே அதை மாற்றிவிட்டார்கள்.

அதே அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தால் இன்னொரு வேடிக்கை. முதல் எட்டு வசனங்களில் பவுல் கடிந்துகொள்வது யாரை? சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போட்டு, அவிசுவாசிகளின் நீதிமன்றத்துக்குப் போகிறானே, அவனை. அதைத் தொடர்ந்துதான் ஒன்பதாம் வசனம். பத்தாம் வசனத்தில் பொருளாசைக்காரர், வெறியர், கொள்ளைக்காரர் எல்லாரும் வருகிறார்கள். நம் திருமண்டலத் தேர்தல் முடிந்தால் அடுத்த வாரம் எத்தனை ரிட் மனு, எத்தனை தடை உத்தரவு? வழக்கு போட்டவரும் எதிர்வழக்கு போட்டவரும் ஒரே ஞாயிறு ஒரே பந்தியில் முழங்கால்படியிடுகிறார்கள். வரதட்சணையைக் காராகவும் நகையாகவும் எண்ணி வாங்கியவர் அடுத்த தேர்தலில் கமிட்டி மெம்பர். ஒன்பதாம் வசனத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம்.

இப்போது எத்தியோப்பிய மந்திரிக்கு வருகிறேன். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரம், ஓய்வுநாள் பள்ளியிலேயே நமக்குப் பாடம். ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா வாசிக்கிறார், பிலிப்பு ஓடிப்போய் ஏறிக்கொள்கிறார், வழியில் தண்ணீர் வருகிறது, ஞானஸ்நானம். நாடகம் போடும்போது மந்திரிக்கு ஜிகினா வைத்த தலைப்பாகை. நல்ல உயரமான பையனைத்தான் அந்த வேஷத்துக்குப் பிடிப்போம்.

அவர் மந்திரிதான். ஆனால் லூக்கா அவரை வேறொரு வார்த்தையாலும் அழைக்கிறார். ஐந்து இடத்தில், திரும்பத் திரும்ப, யூனூக்கோஸ். அண்ணகர். ஆண் அடையாளம் நீக்கப்பட்டவர். மத்தேயு 19:12இல் இயேசு இதே வார்த்தையைச் சொல்லும்போது நம் வேதாகமம் அண்ணகர் என்றே போடுகிறது. ஆனால் அப்போஸ்தலரில் மட்டும் அந்த வார்த்தை ‘மந்திரி’ ஆகிவிட்டது. அந்தக் கிரேக்கச் சொல்லை அரண்மனை அதிகாரி என்ற அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதைக்கு இது போதும் என்றுகூட நினைத்திருக்கலாம். விளைவு என்னவென்றால், தலைமுறை தலைமுறையாக நாம் கதையின் பாதியை மட்டும் படித்திருக்கிறோம்.

மறைந்துபோன பாதி இதுதான். உபாகமம் 23:1 இப்படிப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று விலக்குகிறது. இந்த மனிதரோ எருசலேம்வரை ரதம் ஓட்டிக்கொண்டு பணிந்துகொள்ள வந்திருக்கிறார். உள்ளே எதுவரை விட்டார்களோ, லூக்கா சொல்லவில்லை. திரும்பிப் போகும் வழியில் அவர் கையில் இருந்தது ஏசாயா 53. அதே சுருளில் மூன்று அதிகாரம் தள்ளி, 56இல், அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், அவனுக்கு என் ஆலயத்தில் இடமும் பிள்ளைகளைவிட மேலான பெயரும் தருவேன் என்கிற வாக்கு இருக்கிறது. உபாகமத்தில் ஒரு வசனம் மூடிய கதவை ஏசாயாவில் ஒரு வசனம் திறக்கிறது. இரண்டும் வேதம்தான். ரதத்தில் இருந்தவர் கேட்ட கேள்வியை இப்போது படித்துப் பாருங்கள்: தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தடை என்ன என்று கேட்கிறார். உபாகமம் தெரிந்த எந்த யூதனுக்கும் தடை என்ன என்று தெரியும். பிலிப்புக்கும் தெரியும். பிலிப்பு எருசலேமுக்கு ஆள் அனுப்பி அப்போஸ்தலரின் அனுமதி கேட்கவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

அண்ணகரும் இன்று தன்பாலீர்ப்பாளர் என்று நாம் அழைப்பவர்களும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். இந்தக் கதையை வைத்து ஆணுக்கு ஆண் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று வாதாட முடியாது. ஆனால் நியாயப்பிரமாணத்தின் எழுத்துப்படி வெளியே நிற்க வேண்டிய ஒருவரை, அவர் உடம்பில் ஒன்றையும் மாற்றச் சொல்லாமல், ஆதித் திருச்சபை உள்ளே எடுத்திருக்கிறது. அதை நம்மால் மறுக்க முடியாது.

மேல்நாட்டுச் சபைகளைக் கைகாட்டுகிறவர்கள் அந்தச் சபைகள் எழுதிவைத்ததையும் முழுசாகப் படிப்பதில்லை. உலகத்து ஆங்கிலிக்கன் பேராயர்கள் எல்லாம் கூடும் லாம்பெத் மாநாடு 1998இல் ஒரு தீர்மானம் போட்டது. 526 ஓட்டு ஆதரவு, 70 எதிர்ப்பு. ஓரினச்சேர்க்கை வேதத்துக்கு ஒவ்வாதது என்று அதில் இருக்கிறது. நம்மவர்கள் மேற்கோள் காட்டுவது அந்த வரியைத்தான். அதே தீர்மானத்தில், இப்படிப்பட்டவர்கள் தேவனால் நேசிக்கப்படுகிறவர்கள், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் இருக்கும் யாரும் தங்கள் பாலீர்ப்பு எதுவாயினும் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அங்கத்தினர்கள், அவர்களுடைய அனுபவத்தைக் காது கொடுத்துக் கேட்போம் என்றும் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அப்படியே. செயலைத் தவறு என்கிறது. ஆனால் ஆளை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்று 2358ஆம் எண்ணில் சொல்கிறது. போப் பிரான்சிஸ் 2023 ஜனவரியில் இது குற்றமல்ல என்றார். அந்த வருஷம் டிசம்பரில் இப்படிப்பட்ட இணையருக்கு வழிபாட்டு முறைக்கு வெளியே எளிய ஆசி வழங்கலாம் என்று ரோமிலிருந்து அறிக்கை வந்தது, ஆப்பிரிக்க ஆயர்கள் தங்களால் முடியாது என்றார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும். நான் சொல்வது, மிகக் கண்டிப்பான ஏடுகளின்படி பார்த்தாலும் நம் ஆர்கன்காரரை ஒரு விசாரணைகூட இல்லாமல் அப்படி அனுப்ப நமக்கு அதிகாரம் கிடையாது. கொள்கையில் ஒரு எழுத்தையும் மாற்றாமலே நாம் கடனாளிகளாக இருக்கிறோம்.

சட்ட விஷயமும் அப்படித்தான். 377ஆம் பிரிவை நம் பண்பாட்டின் காவல் என்று பலர் நினைத்திருந்தார்கள். அது 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம். அதன் வேர் எட்டாம் ஹென்றி காலத்தில் 1533இல் போட்ட சட்டம். அந்த இங்கிலாந்திலேயே இதைக் குற்றம் என்னும் நிலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று 1960களில் பிரபுக்கள் சபையில் ஆதரவாகப் பேசியவர் கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே. பாவம் வேறு, குற்றம் வேறு என்பது அவர் நிலை. 1967இல் அங்கே சட்டம் மாறியது. நம் நாட்டில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் இதைத் தளர்த்தியபோது, மறுபடி இறுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸும் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சிலும் உண்டு. அவர்களோடு அதே வரிசையில் நின்ற மற்ற மத அமைப்புகளைப் பார்த்தால், வேறு எதற்கும் ஒன்றுசேராதவர்கள் இதற்கு ஒன்றுசேர்ந்தார்களே என்று தோன்றும். 2013இல் ஜெயித்தார்கள். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதை மாற்றினார்கள். 2023இல் திருமண உரிமை தர மறுத்ததும் உச்ச நீதிமன்றம்தான். ஆகவே நம் ஆலயத்தில் யாரும் வந்து தாலி கேட்கப் போகிறார்கள் என்று பயப்படுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ‘மாற்றிவிடலாம்’ என்று சொல்லிப் பிள்ளைகளை ஜெபவீடுகளில் கொண்டுபோய் விடுகிறார்களே, அதற்கு. அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்று ஓர் அமைப்பு 1976லிருந்து இதையே ஊழியமாகச் செய்தது. ஜெபத்தாலும் ஆலோசனையாலும் ஓரினநாட்டத்தை மாற்றலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் 2012இல், தான் சந்தித்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் தவிர யாருக்கும் நாட்டம் மாறவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த வருஷம் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார்கள். விசுவாசத்தில் குறைந்த அமைப்பு இல்லை அது. முப்பத்தேழு வருஷம் முயன்று பார்த்தவர்கள். அவர்களால் ஆகாததை நம் ஊரில் மூன்று நாள் உபவாச ஜெபத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் ரசீது கேட்பேன். இங்கேயும் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் தேதி, பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிக்குத் தடை விதித்தார். தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். நீதிபதிக்கு இருந்த பொறுமை நம் கமிட்டிகளுக்கும் வர வேண்டும்.

“இன்று இதை விட்டால் நாளை எல்லாம் போகும்” என்று ஒரு பயம் எப்போதும் உண்டு. நம் சபை இந்தப் பயத்தை முன்பும் பார்த்திருக்கிறது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஒரு பகுதியார் கோபித்துக்கொண்டு விலகினார்கள். முன்னோர் வழக்கத்தில் கைவைக்க இவர் யார் என்றார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த தடுப்பு 1910வரை இருந்தது. அதை எடுத்ததற்கும் வழக்கு நடந்தது. தென்னிந்தியத் திருச்சபை உண்டானது 1947இல், அதில் ஒரு பெண் குருப்பட்டம் பெற 1976 ஆயிற்று, ஒரு பெண் பேராயராக 2013 ஆயிற்று. அங்கி போட்ட பெண்ணிடம் அப்பம் வாங்க மாட்டேன் என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. இப்போது யாருக்கும் ஞாபகமே இல்லை. அசனப் பண்டிகையில் இன்று எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம். யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எழுந்து போகிறவர்கள் இல்லை.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைச் சபை திருமணமாக ஆசீர்வதிக்க வேண்டுமா என்று கேட்டால், நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்காட்லாந்துச் சபை 2022இல் விருப்பமுள்ள போதகர்கள் நடத்தலாம் என்றது. நம் சபை அந்தக் கேள்வியை எடுக்க நாளாகும், எடுக்கும்போது வேத பண்டிதர்கள் பேசட்டும். அதுவரை காத்திருக்க முடியாத காரியங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றுக்குப் பண்டிதர் தேவையில்லை.

ஒன்று, கல்யாணத்தை மருந்தாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். ஓலை வாசிப்பதற்கு முன் மணமகனையும் மணமகளையும் போதகர் தனித்தனியாக, பெற்றோர் இல்லாத அறையில் உட்காரவைத்துப் பேச வேண்டும். “உனக்கு இதில் முழுச் சம்மதமா? ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டு, இல்லை என்று சொன்னால் அந்த ரகசியத்தைக் காப்பாற்றி, காரணம் காட்டாமலே ஓலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். இப்போதும் திருமண ஆலோசனை வகுப்பு என்று ஒன்று நடக்கிறது. இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, அரைமணி நேரம் எபேசியர் ஐந்தாம் அதிகாரம் வாசித்து, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கே எந்தப் பையன் வாய் திறப்பான்?

இன்னொன்று, காரணத்தை எழுத்தில் சொல்லாமல், சம்பந்தப்பட்டவரை அழைத்துக் கேட்காமல் யாரையும் திருவிருந்திலிருந்தோ பொறுப்பிலிருந்தோ விலக்கக் கூடாது. காதில் கிசுகிசுத்து விலக்குவதற்கு எந்தச் சபைச் சட்டத்திலும் இடமில்லை. இது பாலீர்ப்பு உள்ளவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமான பாதுகாப்பு. எழுத்தில் காரணம் எழுத வேண்டும் என்று வந்தாலே பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஏனென்றால் அதே காரணத்தை வரதட்சணைக்காரருக்கும் வழக்குக்காரருக்கும் எழுத வேண்டிவரும்.

இந்த இரண்டையும் ஒரு தாளில் டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, வருகிற சேகரக் கமிட்டிக்குக் கொடுத்திருக்கிறேன். அஜெண்டாவில் வராது என்று செயலர் இப்போதே சொல்லிவிட்டார், தங்கமான மனிதர், அவரைக் குறை சொல்வதற்கில்லை. கல்லறைத் தோட்டச் சுவர், ஜெனரேட்டர் ரிப்பேர், அறுப்பின் பண்டிகை ஏலம் என்று ஏற்கெனவே பதினோரு அயிட்டம். கடைசியில் ‘இதர காரியங்கள்’ என்று ஒன்று எப்போதும் இருக்கும். அதுவரை உட்கார்ந்திருக்கப் போகிறேன், ராத்திரி பத்து மணி ஆனாலும்.